ரெக்கை டேங்க்ல பெட்ரோல் எவ்ளோ இருக்கு? மூணு வருஷமா நான் யூஸ் பண்ற குச்சி, மிதவை, சிவப்பு டப்பா பத்தி

பிளேனை சொந்தமா கட்டுறவங்க இன்ஜின் பத்தி மணிக்கணக்கா பேசுவாங்க, பெயின்ட் பத்தி பேசுவாங்க, பேனல்ல ஸ்கிரீன் எத்தனை இன்ச்னு பேசுவாங்க, ஆனா டேங்க்ல பெட்ரோல் எவ்ளோ இருக்குன்னு எப்படி தெரிஞ்சுக்கறீங்கன்னு கேட்டா மட்டும் "அதான் கேஜ் இருக்கே"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுடுவாங்க. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தேன். அந்த கேஜ் எந்த எடத்துல உண்மை சொல்லுது எந்த எடத்துல சொல்ல முடியாம நிக்குதுன்னு எனக்கு புரியவே ஒரு வருஷம் ஆச்சு, அதான் இந்த ரிவ்யூ கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

முதல்ல என் பிளேன் என்னன்னு சொல்லிடறேன். வேன்ஸ் ஏர்கிராஃப்ட்னு அமெரிக்கால ஆரகன் மாநிலத்துல அரோராங்கிற ஊர்ல இருக்கற கம்பெனியோட கிட், ஆர்வி-9ஏ. ரெண்டு சீட்டு, பக்கத்து பக்கத்துல. மூக்குல ஒரு சக்கரம். 160 குதிரை சக்தி லைகமிங் இன்ஜின். ஒவ்வொரு ரெக்கையிலயும் 18 கேலன், மொத்தம் 36, நம்ம கணக்குல சுமார் 136 லிட்டர். க்ரூஸ்ல, அதாவது மேல ஏறி சீரா பறக்கும்போது, மணிக்கு 8 கேலன் சுமாரா குடிக்கும், அதாவது 30 லிட்டர். நான் இருக்கறது டெக்சஸ், வெயில் காலத்துல பிளேன் நிறுத்துற ஷெட், அதான் ஹேங்கர், உள்ள அடுப்படி மாதிரி இருக்கும், அது ஏன் முக்கியம்னு பின்னாடி வரேன்.

இந்த டேங்க் தனியா ஒரு டப்பா கிடையாது. ரெக்கையோட முன்விளிம்பே தான் டேங்க். அலுமினிய தகடை மடிச்சு, உள்ள ரிப்பு வச்சு ரிவெட் அடிச்சு, ஒவ்வொரு ரிவெட்டுக்கும் ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் ப்ரோசீல்னு ஒரு கறுப்பு பசை தடவி மூடுறது. அந்த பசை கைல ஒட்டுனா ஒரு வாரம் போகாது, வாடை மூக்குலயே நிக்கும். ஆக இந்த டேங்க் நீளமா, ஒல்லியா, அடில வளைஞ்சு, முன்னாடி குறுகி இருக்கற ஒரு வடிவம். அதோட ரெக்கை நேரா படுத்திருக்காது, நுனி மேல தூக்கி இருக்கும், 3.5 டிகிரி. இந்த 3.5 டிகிரிய மறந்துடாதீங்க, இந்த ரிவ்யூ முழுக்க அதோட வேலை தான். பெட்ரோல் ஊத்துற மூடி வெளிப்பக்கம், உயரமான எடத்துல. இன்ஜினுக்கு எடுக்கற குழாய் உள்பக்கம், பாடிக்கு ஒட்டின தாழ்வான மூலைல.

சரி, முதல் சாமான், குச்சி.

ஊர்ல லாரி டிரைவர் டீசல் டேங்க்ல குச்சிய விட்டு எடுத்து ஈரம் எதுவரைக்கும் ஏறியிருக்குன்னு பாப்பார்ல, அதே வேலை தான். ஆனா அவ்கேஸ், அதாவது பிளேனுக்கு போடற பெட்ரோல், ரொம்ப வேகமா ஆவியாகிடும், மரக்குச்சில ஈரம் தெரியறதுக்குள்ள காஞ்சே போயிடும், வெயில்ல அதை நம்பி நிக்க முடியாது. அதுக்கு தான் ஃபியூல்ஹாக்னு ஒண்ணு விக்கிறாங்க, உள்ள ஓட்டை இருக்கற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டியூப். டேங்க் அடி வரைக்கும் விடணும், மேல் ஓட்டைய கட்டைவிரலால மூடணும், அப்படியே தூக்கணும். உறிஞ்சு குழல்ல ஜூஸ் நிக்கிற மாதிரி பெட்ரோல் உள்ளயே நிக்கும், எந்த கோடு வரைக்கும் இருக்குன்னு நிதானமா பாக்கலாம். நான் போடற 100 எல்எல்ங்கிற அவ்கேஸ் நீல கலர்ங்கிறதால டியூப்ல பளிச்னு தெரியும். பாத்துட்டு விரலை எடுத்தா டேங்க்லயே திரும்ப விழுந்துடும், ஒரு சொட்டு வீணாகாது.

செஸ்னா மாதிரி ஃபேக்டரி பிளேனுக்கு கேலன் கணக்கே போட்ட டியூப் கிடைக்கும். நாம கட்டுறதுக்கு யூனிவர்சல் டியூப் தான், அதுல வெறும் நம்பர் மட்டும் இருக்கும், எந்த நம்பருக்கு எத்தனை கேலன்னு நம்ம டேங்கை நாமளே அளந்து எழுதிக்கணும். இதை ஒரு குறைன்னு சில பேர் சொல்றாங்க, எனக்கு அப்படி தோணலை, அளந்து எழுதுற அந்த ஒரு நாள்ல தான் என் டேங்கோட குணமே எனக்கு தெரிஞ்சுது. விலைன்னு பாத்தா ரெண்டு பேர் ஹோட்டல்ல சாப்பிடற செலவு கூட ஆகலை. மூணு வருஷமா சீட்டுக்கு பின்னாடி கிடக்குது, கோடு அழியலை, டியூப் மங்கலை. அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார்.

ஆனா ஒரு விஷயம் தெரிஞ்சு வாங்குங்க, இது எந்த டியூபுக்கும் பொருந்தும். மூடி வெளிப்பக்கம் உயரத்துல இருக்குன்னு சொன்னேன்ல, பெட்ரோல் குறைய குறைய அது எல்லாம் தாழ்வான உள்மூலைக்கு ஓடிடும். என் டேங்க்ல 5 கேலனுக்கு கீழ போச்சுன்னா டியூப் போய் காஞ்ச அலுமினியத்துல டக்குனு இடிக்கும், ஒரு சொட்டு ஏறாது. டியூப் காஞ்சு வந்தா டேங்க் காலின்னு அர்த்தம் இல்ல, 5-க்கு கீழன்னு மட்டும் தான் அர்த்தம், அது 4-ஆ 1-ஆ டியூபுக்கு தெரியாது. அப்புறம் பிளேன் நிக்கிற தரை சாய்வா இருந்தா ரீடிங் மாறிடும். எங்க பம்பு பக்கத்துல தரை கொஞ்சம் சரிவு, அங்க வச்சு பாத்தா ஒரு ரெக்கைல கூடவும் இன்னொரு ரெக்கைல குறைச்சலாவும் காட்டும், அதனால ஹேங்கர் உள்ள வச்சு மட்டும் தான் பாப்பேன்.

ரெண்டாவது, டேங்க் உள்ள இருக்கற மிதவை, ஃப்ளோட் சென்டர் (sender, அளவை ஸ்கிரீனுக்கு அனுப்புற சாமான்).

பழைய கார்ல இருக்கற அதே சமாச்சாரம். ஒரு கம்பி கை, நுனில ஒரு மிதவை, அது ஏற இறங்க ஒரு ரெசிஸ்டர் மேல முள்ளு நகரும். அமெரிக்க கணக்குல காலின்னா 240 ஓம், ஃபுல்னா 33 ஓம். கம்பெனி பேர் சொல்லலை, ஏன்னா என் கதைல பாதி தப்பு என்னோடது. பொட்டில இருந்து எடுத்து கைல ஆட்டி பாத்தப்போ ஒரு எடத்துல லேசா சொரசொரன்னு இருந்துச்சு, பரவால்லன்னு மாட்டிட்டேன், மாட்டின பிறகு அந்த எடம் வந்தா ரீடிங் குதிக்கும். அதை கழட்டி வேற போட்டேன். கழட்டறதுன்னா சும்மா இல்ல, டேங்கை வடிகட்டி, அஞ்சு ஸ்க்ரூ கழட்டி, காஞ்ச ப்ரோசீல பொறுமையா சுரண்டி, திரும்ப ஒட்டி, காய விட்டு, கசியுதான்னு பாக்கணும். கசிஞ்சா வெள்ளை பெயின்ட்ல நீல கறை ஓடிரும், ஒளிக்க முடியாது. அதனால மாட்டுறதுக்கு முன்னாடியே மல்டிமீட்டர வச்சு மெதுவா மேல கீழ ஆட்டி பாருங்க, நம்பர் வழுக்கிட்டு போகணும், எங்கயாவது குதிச்சா திருப்பி அனுப்பிடுங்க.

அடுத்த தப்பு முழுக்க என்னோடது. இந்த சென்டருக்கு எர்த் டேங்க் தகடு வழியா தான் வரும், ஸ்க்ரூ வழியா. நான் கசிவு பயத்துல ஸ்க்ரூவுக்கு எல்லாம் தாராளமா ப்ரோசீல் பூசிட்டேன், எர்த் சரியா பிடிக்கலை. இடது டேங்க் எப்பவும் கம்மியாவே காட்டும், அதுவும் குளிருக்கு ஒரு மாதிரி வெயிலுக்கு ஒரு மாதிரி. ஒரு மாசம் தலைய பிச்சுக்கிட்டேன். கடைசில பக்கத்து ஹேங்கர் பெரியவர், நாப்பது வருஷமா பிளேன் கட்டுறவர், வந்து ஒரு ஒயர எடுத்து சென்டர் பிளேட்டுக்கும் பாடிக்கும் நடுவுல சும்மா தொட்டு காமிச்சார், ஸ்கிரீன்ல நம்பர் சட்டுனு சரியான எடத்துக்கு வந்து நின்னுச்சு. தனி எர்த் ஒயர் ஒண்ணு போட்டதோட அந்த பிரச்சினை போச்சு. நீங்க கட்டும்போதே போட்டுடுங்க.

இப்ப அளக்கிற நாள் பத்தி சொல்லணும். டேங்கை முழுசா காலி பண்ணி, பறக்கும்போது எப்படி மட்டமா இருக்குமோ அப்படி பிளேனை நிறுத்தி, ரெண்டு ரெண்டு கேலனா ஊத்தி, ஒவ்வொரு தடவையும் ஸ்கிரீன்ல அந்த புள்ளிய சேவ் பண்ணணும். என்னோடது மூக்கு சக்கரம்ங்கிறதால கிட்டத்தட்ட மட்டமாவே நிக்கும், வால் சக்கரம் வச்சிருக்கறவங்க வாலை தூக்கி ஸ்டேண்ட்ல வைக்கணும். கேன்ல போட்டிருக்கற கேலன் கோட நான் நம்பலை. ஊருக்கு போகும்போது பெட்டி எடை பாக்க ஒரு தொங்கு தராசு வீட்ல இருக்குமே, அதுல கேனை மாட்டி எடை போட்டேன். ஒரு கேலன் அவ்கேஸ் 6 பவுண்டு, 2 கேலன்னா 12 பவுண்டு, காலி கேன் எடைய கழிச்சுட்டு பாத்தா கேன் கோடு உண்மைய விட கொஞ்சம் மேல இருந்துச்சு, கோடு வரைக்கும் ஊத்தினா 2 கேலனுக்கு கூட போகுது. அந்த கோட நம்பியிருந்தா கடைசில ஒரு கேலன் கிட்ட கணக்கு தப்பியிருக்கும்.

ஹேங்கருக்கு வெளில, காத்தோட்டமான எடத்துல, பக்கத்துல தீயணைப்பான் வச்சு, பிளேனுக்கும் கேனுக்கும் எர்த் ஒயர் மாட்டி தான் செஞ்சோம். என் வீட்டுக்காரி நோட்டு பேனாவோட ரெக்கை பக்கத்துல உக்காந்துட்டா, ஒரு கைல மல்டிமீட்டர். நான் ஊத்துவேன், அலை அடங்க ரெண்டு நிமிஷம் நிப்போம், அவ நம்பர் சொல்லி எழுதுவா. முதல் கேலன் உள்ள போனதே தெரியலை, மிதவை அடில படுத்தே கெடந்துச்சு. அப்புறம் 240-ல இருந்து இறங்க ஆரம்பிச்சு ஒழுங்கா வந்துச்சு. பன்னெண்டு, பதினாலு. அதுக்கப்புறம் தான், "ஏங்க, பதினாறு ஊத்தியாச்சு, நம்பர் அசையவே இல்லையே, மீட்டர் ரிப்பேரா?"ன்னு கேட்டா. நானும் ப்ரோபை மாத்தி மாத்தி வச்சு பாத்தேன். 33. பதினெட்டும் ஊத்தி மூடி வரைக்கும் நிரம்பிடுச்சு, அப்பவும் 33 தான்.

ரிப்பேர் எதுவும் இல்ல, அந்த 3.5 டிகிரி தான். மிதவை உள்மூலைல இருக்கு, அந்த மூலை தாழ்வு, அதனால அது தான் முதல்ல ரொம்பும். 14 கேலன் வந்தப்பவே அங்க பெட்ரோல் கூரைய தொட்டுடுச்சு, மிதவை மேல் தகட்டுல முட்டி நின்னுடுச்சு, மிச்ச நாலும் வெளிப்பக்கமா ஏறுது, அது மிதவைக்கு தெரிய வழியே இல்ல. அதனால என் ஸ்கிரீன்ல 14-ன்னு காட்டினா 14-லருந்து 18 வரைக்கும் எது வேணா இருக்கலாம். மேல் நாலு கேலனுக்கு மிதவை ஊமை, கீழ் அஞ்சு கேலனுக்கு குச்சி ஊமை. 5-லருந்து 14 வரைக்கும் ரெண்டும் பேசும், அங்க ரெண்டும் ஒத்து போகுதான்னு தான் நான் மாசம் ஒரு தடவை பாக்கறேன். அரை கேலனுக்கு மேல வித்தியாசம் வந்தா பறக்க மாட்டேன். மிதவைக்கு நாலு ஸ்டார் குடுக்கறேன், ஏன்னா கீழ் பாதி தான் உயிர் சம்பந்தப்பட்டது, அங்க அது ஒழுங்கா சொல்லுது.

மூணாவது, ரெட் க்யூப்.

எலெக்ட்ரானிக்ஸ் இன்டர்நேஷனல் கம்பெனியோட எஃப்டி-60, தீப்பெட்டிய விட கொஞ்சம் பெருசா சிவப்பு கலர்ல ஒரு அலுமினிய கட்டி, அதனால தான் அந்த பேரு. இது டேங்க்ல எவ்ளோ இருக்குன்னு பாக்காது, இன்ஜினுக்கு எவ்ளோ போகுதுன்னு எண்ணும். உள்ள ஒரு குட்டி சக்கரம் சுத்தும், ஒரு ஒளிக்கதிர வெட்டி வெட்டி விடும், அந்த வெட்டு ஒவ்வொண்ணும் ஒரு பல்ஸ். ஒரு கேலனுக்கு சுமார் 68,000 பல்ஸ். அந்த நம்பரை கே-ஃபேக்டர்னு சொல்வாங்க, ஸ்கிரீன்ல போடணும், போட்டதோட விட்டுடக்கூடாது. நாலஞ்சு தடவை ஃபுல் டேங்க் அடிச்சு, ஸ்கிரீன் இவ்ளோ செலவுன்னு சொன்னதையும் பம்புல இவ்ளோ பிடிச்சதையும் கூட்டி பாத்து திருத்தணும். எனக்கு முதல் தடவை ஸ்கிரீன் 21.0 கேலன் செலவுன்னு சொல்லுச்சு, பம்புல 20.2 தான் பிடிச்சுது. 68,000-த்தை 21.0-ஆல பெருக்கி 20.2-ஆல வகுத்தா 70,690 சொச்சம். அதை போட்டு அப்புறம் இன்னும் ரெண்டு தடவை கொஞ்சம் கொஞ்சம் திருத்தினேன். இப்போ 30 கேலன் அடிச்சா கால் கேலன் கூட வித்தியாசம் வர்றதில்ல. இவ்ளோ துல்லியமா ஒரு சாமான் நான் பிளேன்ல வேற பாக்கலை.

மாட்டுறப்போ கவனிக்க வேண்டியது ரெண்டு. கம்பெனி தெளிவா சொல்லியிருக்கு, உள்ள போற பக்கம் குழாய் நேரா வரணும்னு. நான் எடம் இல்லன்னு பக்கத்துலயே ஒரு எல்போ போட்டேன், ரீடிங் 7.5-க்கும் 9-க்கும் நடுவுல ஆடிக்கிட்டே இருந்துச்சு. பிராக்கெட் மாத்தி குழாய நேராக்கின பிறகு நின்னுடுச்சு. இன்னொண்ணு, அது பக்கத்துல டெஃப்லான் டேப் கிட்டயே கொண்டு போகாதீங்க, ஒரு சின்ன நூல் பிஞ்சு உள்ள போனா அந்த சக்கரம் மாட்டிக்கும்.

இதுக்கும் அஞ்சு ஸ்டார் தான், ஆனா இது ஒண்ண மட்டும் வச்சு பறக்கறவங்கள பாத்தா எனக்கு உண்மையிலேயே பயமா இருக்கு. கிளம்பும்போது எவ்ளோ இருந்துச்சுன்னு அதுக்கு நாம தான் சொல்லணும். தப்பா சொன்னா அந்த தப்பையே ரெண்டு டெசிமல் துல்லியத்தோட கடைசி வரைக்கும் காட்டிக்கிட்டு இருக்கும். அது மட்டும் இல்ல, இன்ஜினுக்கு போகாம வேற வழில பெட்ரோல் போனா அதுக்கு தெரியவே தெரியாது. அது எனக்கே நடந்துச்சு.

போன வருஷம், ரெண்டு டேங்க்கும் ஃபுல், 18-18. குச்சி விட்டு பாத்து தான் கிளம்பினேன். முதல் ஒரு மணி நேரம் இடது டேங்க்ல ஓட்டினேன். ஆர்வில ரெண்டு டேங்க்கையும் ஒண்ணா திறக்க முடியாது, இடது இல்லன்னா வலது தான், நாம தான் மாத்தி மாத்தி விடணும். சிவப்பு டப்பா கணக்குல இடது 10, வலது 18. ஸ்கிரீன்ல மிதவை பக்கம் கண்ணு போச்சு, இடது 10, சரி. வலது 12.

ஒரு நிமிஷம் எனக்கு புரியலை. வலது டேங்க்ல நான் கையே வைக்கலை. ஃபுல்லா இருந்தா மிதவை கூரைல முட்டி 14-ல நிக்கணும், அதுக்கு கீழ வர வாய்ப்பே கிடையாது. அந்த மேல் நாலு கேலன் ஊமைங்கிறத அளந்த அன்னைக்கு தெரிஞ்சுக்கிட்டதால தான் இது தப்புன்னு உடனே உறைச்சுது, இல்லன்னா ஏதோ கேஜ் ஆட்டம்னு விட்டிருப்பேன். வலது டேங்க்குக்கு உடனே மாத்தினேன், போறதே போகுது இன்ஜினாவது குடிக்கட்டும்னு. பக்கத்துல இருந்த ரன்வேல இறங்கினேன், இருபது நிமிஷம் கூட ஆகலை. இறங்கி ரெக்கைய பாத்தா மூடிக்கு பின்னாடி விரல் அகலத்துக்கு நீலமா ஒரு கோடு, ரெக்கை பின்விளிம்பு வரைக்கும் ஓடியிருக்கு, தொட்டா இன்னும் பிசுபிசுன்னு. மூடில இருந்த ரப்பர் ஓ-ரிங் காஞ்சு வெடிச்சிருந்துச்சு. பறக்கும்போது ரெக்கையோட மேல்பக்கம் காத்தழுத்தம் கம்மி, சின்ன சந்து கிடைச்சா உள்ள இருக்கற பெட்ரோல உறிஞ்சு வெளில இழுத்துடும். டியூபை விட்டு பாத்தேன், 8. இன்ஜின் ஒரு ரெண்டரை குடிச்சிருக்கும், மிச்சம் ஏழரை கேலன், அதாவது 28 லிட்டருக்கு மேல, காத்துல போயிருக்கு. சிவப்பு டப்பா அப்பவும் வலது டேங்க்ல 15.5 இருக்குன்னு தான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. அது மேல தப்பு இல்ல, அதோட வேலை அது இல்ல.

ஓ-ரிங் விலை ஒரு டீ காசு. இப்போ வருஷா வருஷம் ரெண்டு மூடிக்கும் மாத்திடறேன்.

உயரமா ரெக்கை இருக்கற பிளேன் கட்டுறவங்களுக்கு, கிட்ஃபாக்ஸ் மாதிரி, இதை விட எளிமையா ஒண்ணு இருக்கு. ரெக்கை தலைக்கு மேல இருக்கறதால ரெக்கை வேர் பக்கத்துல ஒரு கண்ணாடி டியூபை செங்குத்தா வச்சுட்டா போதும், டேங்க் மட்டம் அப்படியே அதுல தெரியும், கரண்ட் வேண்டாம், சென்டர் வேண்டாம். நான் நண்பர் ஒருத்தரோட பிளேன்ல உக்காந்து பாத்தேன், ரொம்ப பிடிச்சிருந்துச்சு. டியூப் பழசானா மஞ்சளாகிடும், அப்போ எது பெட்ரோல் எது டியூப்னு தெரியாது, மாத்திடணும், அவ்ளோ தான். ஆனா எங்க வைக்கிறோம், கோடு போட்டிருக்கோமாங்கிறது தான் எல்லாமே.

இதை சொல்லும்போது ஜான் டென்வர் பத்தி சொல்லாம இருக்க முடியலை. அந்த பாடகர் 1997 அக்டோபர் 12-ஆம் தேதி கலிஃபோர்னியால மான்டரே வளைகுடாவுல விழுந்து இறந்தது வீட்ல கட்டின பிளேன்ல தான், லாங்-ஈஇசட். அதை கட்டினவர் வேற ஒருத்தர், இவர் வாங்கி கொஞ்ச நாள் தான் ஆகியிருந்துச்சு. அந்த பிளேனை டிசைன் பண்ணின பர்ட் ரூட்டனோட பிளான்ல டேங்க் மாத்துற கைப்பிடி விமானியோட காலுக்கு நடுவுல இருக்கும். கட்டினவர் பெட்ரோல் குழாய் காக்பிட் உள்ள வர வேண்டாம்னு நினைச்சு அந்த கைப்பிடிய விமானியோட இடது தோளுக்கு பின்னாடி கொண்டு போயிட்டார். பெட்ரோல் மட்டம் பாக்குற கண்ணாடி பின்சீட்டு பக்கத்துல, முன்னாடி உக்காந்தா தெரியாது, அதுல அளவு கோடும் இல்ல. அன்னைக்கு தரைல இருந்த டெக்னீஷியன் ஒரு கை கண்ணாடிய குடுத்திருக்கார், தோளுக்கு மேல பிடிச்சு கேஜை பாத்துக்கங்கன்னு. பெட்ரோல் போடவான்னு கேட்டதுக்கு ஒரு மணி நேரம் தான் பறப்பேன், வேண்டாம்னு சொல்லியிருக்கார். விசாரணை பண்ணின என்டிஎஸ்பி, அதாவது அமெரிக்க விபத்து விசாரணை அமைப்போட ஆளுங்க அதே மாதிரி பிளேன்ல உக்காந்து அந்த கைப்பிடிய எட்டி பாத்தாங்க. உடம்ப திருப்பினா ஊன்றதுக்காக வலது கால் தானா நீண்டு, பிளேன் மூக்கை வலது பக்கம் திருப்புற ரட்டர் பெடலை மிதிக்குது. அந்த ரிப்போர்ட்ட நான் பிளேன் கட்டிட்டு இருக்கும்போது படிச்சேன், அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. மறுநாள் என் பிளேன்ல டேங்க் மாத்துற செலக்டர் வால்வை ரெண்டு பேருக்கும் கைக்கு எட்டுற மாதிரி நடுவுல, குனியாம திரும்பாம தொடற எடத்துல தான் இருக்கான்னு கண்ண மூடிக்கிட்டு உக்காந்து இருபது தடவை தொட்டு பாத்தேன். பெட்ரோல் அளவு காட்டற பக்கம் ஸ்கிரீன்ல எப்பவும் தெரியணும், பட்டன் அமுக்கினா தான் வரும்னு இருக்கக்கூடாதுன்னு அன்னைக்கு தான் முடிவு பண்ணினேன்.

கெபாசிட்டிவ் தகடு பத்தி நிறைய பேர் கேக்கறாங்க, அதனால சொல்றேன், ஆனா என் பிளேன்ல இல்ல, பக்கத்து ஹேங்கர் பெரியவரோடதுல பாத்தது. டேங்க் உள்ளயே பாடி பக்க முனைல ஒரு தகடு, ரெக்கை நுனி பக்க முனைல ஒரு தகடு, ரெண்டையும் ஒயரால இணைச்சிருப்பாங்க. தகடுக்கும் டேங்கோட ரிப்புக்கும் நடுவுல காத்து இருந்தா ஒரு அளவு கெபாசிட்டன்ஸ் (மின்சாரத்தை தேக்கி வைக்கிற திறன்), பெட்ரோல் இருந்தா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. நகர்ற பாகமே கிடையாது, ரெண்டு முனைலயும் தகடு இருக்கறதால என் மிதவை மாதிரி மேல் நாலு கேலனுக்கு ஊமையாகாது. அவர் ஸ்கிரீன்ல காலிலருந்து ஃபுல் வரைக்கும் வழுக்கிட்டு போறதை பாத்தா பொறாமையா தான் இருக்கு. ஆனா டேங்கை மூடறதுக்கு முன்னாடியே போட்டாகணும், மூடின பிறகு ஆசைப்பட்டு பிரயோஜனம் இல்ல. அதை விட பெரிய விஷயம், கார் பெட்ரோல் போடறவங்க இதை போடாதீங்க. அமெரிக்கால பங்க்ல விக்கிற கார் பெட்ரோல்ல பெரும்பாலும் பத்து சதவீதம் கிட்ட எத்தனால் கலந்திருக்கு. கெபாசிட்டன்ஸை எத்தனை மடங்கு ஆக்கும்னு சொல்ற டைஎலெக்ட்ரிக் எண் அவ்கேஸுக்கு 2 கிட்ட, எத்தனாலோடது 24 கிட்ட. கொஞ்சம் கலந்தாலே தகடு உள்ள இருக்கறத விட கூடுதலா காட்டும். குறைச்சு காட்டுற கேஜ் கூட நம்மள சீக்கிரம் தரைல இறக்கும், கூட்டி காட்டுற கேஜ் என்ன பண்ணும்னு யோசிச்சு பாருங்க. அவர் அவ்கேஸ் மட்டும் தான் போடுவார், அதனால அவருக்கு சரி.

வெயில் பத்தி சொல்றேன்னேன்ல. பெட்ரோல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினா ஆயிரத்துல ஒரு பங்கு கிட்ட வீங்கும். விடிகாலைல 12 டிகிரில ஃபுல் பண்ணி வச்சு மத்தியானம் 37 ஆச்சுன்னா 18 கேலன்ல கிட்டத்தட்ட அரை கேலன் கூடும், எடம் இல்லாம, டேங்க்குக்கு காத்து போக வச்சிருக்கற வென்ட் குழாய் வழியா தரைல சொட்டும். அதனால ராத்திரியே மூடி வரைக்கும் ஊத்தி வைக்கறதை நிறுத்திட்டேன், கிளம்புறதுக்கு முன்னாடி தான் ஊத்துறேன்.

சட்டப்படி பகல்ல கண்ணால பாத்து பறக்கறவங்க 30 நிமிஷத்துக்கு மிச்சம் வச்சிருக்கணும், ராத்திரின்னா 45. நான் ரெண்டுக்கும் ஒரு மணி நேரம் வச்சுக்கறேன், 8 கேலன், அதுவும் ஒரே டேங்க்ல. ரெண்டு டேங்க்லயும் நாலு நாலா பிரிச்சு வச்சா ரெண்டுமே குச்சி எட்டாத எடத்துல போய் நிக்கும். 8-ம் ஒரே டேங்க்ல இருந்தா இறங்கின உடனே குச்சி விட்டு சரி பாக்கலாம், பறக்கும்போது மிதவையும் அங்க நல்லா பேசும்.

அடுத்து, பெட்ரோல் கம்மியானா ஒளிய வச்சு கண்டுபிடிச்சு சொல்ற ஆப்டிகல் லோ-லெவல் சென்சார் ஒண்ணு ஆர்டர் பண்ணி போன வாரம் பார்சல் வந்துடுச்சு. நுனில கண்ணாடி பட்டகம் மாதிரி ஒரு கூம்பு, உள்ள இன்ஃப்ராரெட் எல்இடி. பெட்ரோல்ல முங்கியிருந்தா ஒளி வெளில கசிஞ்சு போயிடும், பெட்ரோல் இறங்கி நுனி காஞ்சா ஒளி உள்ளயே திரும்பி வந்து பேனல்ல விளக்கு எரியும். நகர்றது எதுவும் இல்ல, மிதவை மாட்டிக்கிட்டாலும் இது தனியா சொல்லும். 4 கேலன் மட்டத்துல உள்பக்க பிளேட்லயே மாட்டலாம்னு இருக்கேன். பிப்ரவரில வருஷா வருஷம் பிளேனை முழுசா பரிசோதிக்கற கண்டிஷன் இன்ஸ்பெக்ஷனுக்கு டேங்க் காலியா இருக்கும், அப்போ தான் ஓட்டை போட முடியும். வீட்டுக்காரிகிட்ட நோட்ட எடுத்து வைக்க சொல்லிட்டேன், திரும்ப ரெண்டு ரெண்டு கேலனா ஊத்தி பாக்கணும்ல. மாட்டி ஒரு அம்பது மணி நேரம் பறந்துட்டு அதுக்கு எத்தனை ஸ்டார்னு எழுதறேன்.